மறையும் படங்களும் மறையாத பொறுப்பும்



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் தாயொருவர் என்னிடம் வினவினார்: “ஃபாதர், பிள்ளைகள் அனுப்பும் படம் பார்த்தவுடனே அழிந்துவிடுமாமே, உண்மையா?” விடை காண, அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

2011ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ரெஜி பிரவுனுக்கு, அனுப்பிய படம் தானே அழிய வேண்டும் என்னும் எண்ணம் உதித்தது. இவான் ஸ்பீகலும் பாபி மர்ஃபியும் அதற்கு உருக்கொடுத்தனர். முதலில் ‘பிக்காபூ’ எனப்பட்ட அச்செயலி, அதே ஆண்டில் ‘ஸ்னாப்சாட்’ ஆயிற்று. தொடக்கத்தில் அனுப்புபவர் ஒன்று முதல் பத்து வினாடிவரை நேரம் குறிப்பார். அந்நேரம் கழிந்ததும் படம் திரையிலிருந்து நீங்கிவிடும். 2020இல் வாட்ஸ்அப்பும் ஏழு நாளில் மறையும் செய்திகளையும், 2021இல் ஒருமுறை மட்டுமே பார்க்கத்தக்க படங்களையும் அறிமுகப்படுத்தியது.

இளையோரை இது ஈர்த்ததில் வியப்பில்லை. நம் இளமையில் திண்ணையில் பேசியவை காற்றோடு போயின. விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை எவரும் பத்தாண்டு கழித்து எடுத்துக் காட்டவில்லை. யாவும் பதிவாகும் காலத்தில் பிறந்த நம் பிள்ளைகள் அந்த விடுதலையையே நாடுகின்றனர். அதனைக் குற்றமென நான் கூறேன்.

ஆயினும் படங்கள் மெய்யாகவே மறைந்தனவா? 2014 மே மாதம், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஸ்னாப்சாட் நிறுவனத்தின் வாக்குறுதி பயனர்களை ஏமாற்றுவதாகக் குற்றஞ்சாட்டியது. வேறு செயலிகளைக் கொண்டு படங்களைச் சேமிக்க முடிந்தது; சில காணொளிகள் பெற்றவரின் கைபேசியிலேயே தங்கியிருந்தன. நிறுவனம் ஆணையத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. இன்றும் ஒருவர் திரையை மற்றொரு கைபேசியால் படமெடுத்தால், எந்தச் செயலியாலும் தடுக்க இயலாது.

நாம் வாழும் நியூசிலாந்தில், 2015ஆம் ஆண்டின் தீங்கு விளைவிக்கும் எண்ணிமத் தொடர்புச் சட்டம் உண்டு. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றி வெளியிடுவதே குற்றமாகும். இத்தகைய துன்பத்தில் உதவ ‘நெட்சேஃப்’ அமைப்பு உள்ளது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குரு வெளியிடார். அவ்விரகசியத்தைக் காப்பது கருவியன்று, கேட்டவரின் உண்மைத்தன்மையே. படங்களுக்கும் அஃதே பொருந்தும். ஆகவே பிள்ளைகளே, அனுப்புமுன் பெறுபவர் எத்தகையவர் என எண்ணுங்கள். பிறர் நம்பி அனுப்பியதைச் சேமித்து வைக்காதீர்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒருநாள் அஞ்சி நடுங்கி உங்களிடம் வந்தால், முதலில் கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்த்திக் கேளுங்கள். பயந்த பிள்ளை வீட்டில் பேச இயலாவிடில், மிரட்டுபவனுக்கே பணிந்துபோகும்.