நல்லோசை யாருடைய சொத்து?

கேள்விக்கென்று தனியோர் அதிகாரம் வகுத்த மரபு நம்முடையது. யாழையும் குழலையும் வருணிக்காத பழந்தமிழ் இலக்கியம் அரிது. ஆயினும், இசையையும் உரையையும் இல்லங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த கருவி எது, அதனைச் சமைத்த கைகள் எவை, அது எவர் வீட்டுக்குள் நுழைந்தது, எவர் வீட்டு வாசலை எட்டாமலே நின்றுவிட்டது என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. கருவிகளின் வரலாறு நமக்கு இருவகையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று மேதைகளின் வாழ்க்கைக் குறிப்பு. மற்றது நிறுவனங்களின் விளம்பரம். ஈயப்பற்றுக் கோலைக் கையிற் பிடித்து, வீட்டு மேசையிலும் திருத்துகடைப் பலகையிலும் நல்லோசையைத் தேடிய சாதாரண மனிதரின் வரலாறு மூன்றாவது. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் ‘அம்ப்’ என்றும், நமது பாடநூல்களில் ‘விரியலாக்கி’ என்றும் வழங்கும் கருவியின் வேலை சொல்வதற்கு எளியது. இசைத்தட்டின் ஊசியிலிருந்தோ வானொலியிலிருந்தோ வரும் நுண்ணிய மின்குறியை, ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கவல்ல வலிமையுடையதாக அது ஆக்குகிறது. பெரிதாக்குவது எளிது, மாற்றாமற் பெரிதாக்குவதே அரிது. தவிலின் தொப்பியும் நாதசுரத்தின் சீவாளியும் ஒரே வேளையில் ஒலிக்கையில், ஒன்றையொன்று விழுங்காமல் இரண்டையும் செவிக்குத் தருவதற்கு மனிதகுலம் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது.

*

இலங்கையில் வானொலி பிறந்ததே கைவேலையாகத்தான். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக 1921இல் வந்த எட்வேட் ஹாப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். அதற்கான கருவி கடையில் வாங்கியதன்று. முதலாவது உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக்கொண்டு திணைக்களப் பொறியியலாளர்கள் தாமே பொருத்தியது. 1925 டிசெம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. கொல்வதற்காகச் செய்யப்பட்ட கப்பலின் உறுப்புகள், பாடுவதற்குப் பயன்பட்டன.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் கதை இதுவே. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 யூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றது. ஒலிபரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுத்தப்பட்டன. சொந்தமாக வானொலிப் பெட்டி வாங்க இயலாதவனும் மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்டான். இசை அங்கே தெருவிளக்கைப்போலப் பொதுச் சொத்தாயிற்று. இந்த ஏற்பாட்டை நாம் மறந்துவிடலாகாது. பின்வந்த நாட்களில் கேட்பது பெரிதும் அவரவர் பணப்பையைப் பொறுத்ததாகிவிட்டது.

*

ஒலி எட்டிவிட்டது, நல்லோசை எட்டவில்லை. வால்வு என்னும் வெற்றிடக் குழாய், தன்னுள் வரும் குறியைப் பெருக்கும்போதே சற்றுக் கோணலாக்கிவிடும் இயல்புடையது. பாடகன் எழுப்பாத மேற்சுரங்களை அது தானாகச் சேர்த்துவிடும். இந்தத் திரிபை ஒழிக்கும் வழியை அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் 1927 ஓகஸ்ட் 2ஆம் நாள் கண்டார். வேலைக்குச் செல்லும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் அமர்ந்து, அன்றைய செய்தித்தாளின் பக்கமொன்றிலேயே அதனை எழுதிக் கையொப்பமிட்டார்.

அவ்வழியின் சாரம் இது. வெளிவரும் குறியின் ஒரு சிறு பங்கை எடுத்துத் தலைகீழாக்கி, உள்வரும் குறியோடு சேர். மூலத்தில் இல்லாத எது வெளிப்பட்டாலும், அது தன்னைத்தானே எதிர்த்துக் குறைத்துக்கொள்ளும். பெருக்கம் பத்திலொரு பங்காகும். திரிபும் ஏறத்தாழ அவ்வாறே பத்திலொரு பங்காகும். பெருக்கத்தை இழந்து உண்மையைப் பெறும் வாணிபம் இது. சமுதாய இயக்கங்கள் சுயவிமர்சனம் என்று கூறுவதன் மின்னியல் வடிவமென்று இதனைக் கொள்ளலாம். தன் சொல்லைத் தானே திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்ளாத இயக்கமும் கருவியும் கரகரக்கவே செய்யும்.

இதனை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் டி. ரி. என். வில்லியம்சன் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர். 1923இற் பிறந்த அவர், தாம் வகுத்த விரியலாக்கியின் முழு வரைபடத்தையும் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழின் 1947 ஏப்ரில், மே இதழ்களில் வெளியிட்டார். இரண்டு கே. ரி. 66 வால்வுகள், 15 வாற்று வலு, திரிபு ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு. இவ்வெண்களிலும் பெரிது அவர் செய்த செயல். எந்தத் தடையி எத்தனை ஓம், எந்தக் கொள்ளளவி எவ்வளவு, நிலைமாற்றியின் சுருளை எத்தனை பகுதியாகப் பிரித்து எவ்வாறு இடையிட்டுச் சுற்றவேண்டும் என்பதனைத்தையும் அவர் திறந்த ஏட்டில் எழுதிவைத்தார். பிரித்தானியாவில் மட்டுமன்றி, அவ்விதழ் சென்ற நாடுகளிலெல்லாம் மனிதர் அதனைப் பார்த்துக் கட்டினர். போர் முடிந்து மிஞ்சிய உதிரிப்பாகங்கள் மலிவாகக் கிடைத்தமை அவர்களுக்கு உதவிற்று. 1952இல் பீற்றர் பக்சன்டால் தமது சுரக் கட்டுப்பாட்டுச் சுற்றை அதே இதழில் வெளியிட்டார். கீழ்ச்சுரத்தையும் மேற்சுரத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் பலவற்றில் அச்சுற்று இன்றும் வாழ்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது நிலைமாற்றி. வால்வு ஆயிரக்கணக்கான ஓம்களை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ சில ஓம்களே உடையது. இரண்டுக்கும் இடையே தரகு பேசுவது இரும்புத் தகடுகளின்மேற் சுற்றிய செப்புக் கம்பி. அது செவ்வையாக அமையாவிடில், திருத்த வந்த பின்னூட்டமே ஊளையிடத் தொடங்கும். வால்வைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கலாம். சுற்றை ஏட்டிலிருந்து பெறலாம். ஆயின் நிலைமாற்றியின் முதற்சுருளை, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளாக, எண்ணிக்கை தவறாமல், பகுதிக்குப் பகுதி காப்புத்தாள் வைத்து ஒருவர் சுற்றியே ஆகவேண்டும். நல்லோசையின் உயிர்நிலை ஓர் உழைப்பாளியின் விரல்களில் இருந்தது என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

*

இனி நம் மலைநாட்டை நோக்குவோம். 1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டிக்கு இடம்பெயர்ந்து, பேராதனையில் அமர்ந்தது. அப்படையினருக்காக எழுந்த வானொலியின் கருவிகளே 1949இல் இலங்கை வானொலிக்கு உரியவையாயின. 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டின் வீடுகளுக்குட் புகுந்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியாவின் செவிகள் கொழும்பை நோக்கித் திரும்பின.

கடல் கடந்து போன அந்தப் பாட்டு, கண்டியைச் சூழ்ந்த தேயிலைமலை லயங்களுக்குப் போயிற்றா? லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. விமலசுரேந்திராவின் நெடுங்காலக் கனவு அது. மலையில் விழுந்த நீர் மின்சாரமாகிக் கம்பிவழியே கொழும்புக்குச் சென்றது. அம்மலையிற் கொழுந்து பறித்தவரின் லயக் காம்பராக்களில் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. வில்லியம்சனின் விரியலாக்கியோ 15 வாற்று ஓசை தருவதற்கு ஏறத்தாழ 100 வாற்று மின்சாரம் குடிப்பது. இரு வலு வால்வுகளின் இழைகளைச் சூடாக்குவதற்கு மட்டுமே 16 வாற்று வேண்டும். வால்வு யுகத்தின் நல்லோசை, மின்கம்பி எட்டிய வீட்டாரின் சொத்து. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மக்களின் குரலை வாக்குச்சாவடியில் அடைத்தது. மின்சாரமின்மை அவர்தம் செவியை வீட்டுக்குள் அடைத்தது.

இந்த அடைப்பை உடைத்தது திரான்சிற்றர். 1947 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த அச்சிறு பொருளுக்குச் சூட்டிழை வேண்டியதில்லை; சில பற்றரிக் கட்டைகள் போதும். ஐம்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து கைப்பெட்டி வானொலிகள் சந்தைக்கு வந்தன. காலப்போக்கில் லயங்களும் கேட்கத் தொடங்கின. ஓசை மெலிந்தது, கூம்பு சிறியது, கீழ்ச்சுரம் இல்லை. எனினும் கேட்டவர் தொகை பெருகியது. தரத்துக்கும் பரவலுக்கும் இடையே அன்று எழுந்த முரண்பாடு இன்றும் முற்றாகத் தீரவில்லை.

அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியை இறுக்கியது. 1977 வரை அவ்விறுக்கம் பலவாறு நீடித்தது. இந்தியா 1954இல் பெங்களூரில் பாரத் இலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தை அமைத்து, அறுபதுகளின் தொடக்கத்தில் வால்வுகளையும் திரான்சிற்றர்களையும் தானே ஆக்கிக்கொண்டது. நம் நாட்டில் அத்தகைய அடித்தளம் எழவில்லை. ஆகவே பழைய பெட்டியின் பாகத்தைப் புதிய பெட்டிக்கு மாற்றி உயிர்கொடுக்கும் திருத்துநரின் கலையே நமது தொழிற்சாலையாயிற்று.

*

அக்கலையின் உச்சத்தைக் காணவேண்டுமாயின், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் ஏ-9 பாதையின் மறுமுனைக்குச் செல்லவேண்டும். 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் அறுந்தது. பொருளாதாரத் தடையின் பட்டியலிற் பற்றரிக் கட்டையும் இடம்பெற்றது. அப்போது மக்கள் சைக்கிளை நிறுத்தித் தாங்கியில் ஏற்றி, மிதியைச் சுழற்றி, விளக்குக்கென அமைந்த டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்டனர். டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று, அதுவும் ஆடலோட்டம். இருவாயிகளால் அதனை நேராக்கி, கொள்ளளவியால் அலையடக்கி, கருவிக்கு ஊட்டவேண்டும். மிதிப்பவன் தளர்ந்தால் பாட்டும் தளரும். ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தோர் செய்தி கேட்டனர்.

ஒரு வாற்று என்றால் என்ன என்பதை எந்த வகுப்பறையும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்திராது. வாற்று என்பது உழைப்பு. லக்சபானவில் நீர் உழைக்கிறது. குடாநாட்டில் மனிதனின் கால் உழைத்தது. மூன்று வாற்றில் ஓசை எழுப்பவேண்டிய நிலையிற் சிக்கனமே தரத்தின் இலக்கணமாயிற்று.

*

இன்று நிலைமை தலைகீழ். எழுபதுகளின் இறுதியில் வந்த ரி. டி. ஏ. 2030 போன்ற ஒருங்கிணைந்த சுற்றுகள், விரல்நுனி அளவான கறுப்புச் சில்லொன்றில் 14 வாற்றுவரை தருகின்றன. சுற்றுவதற்கு நிலைமாற்றி இல்லை. ஆக்குவோர் தரும் குறிப்பேட்டிலேயே வரைபடமும் உண்டு. ஒரு நாட் கூலியிலும் குறைந்த விலைக்கு ஒரு விரியலாக்கியைக் கட்டிவிடலாம். நல்லோசை பொதுச் சொத்தாவதற்கு இத்தனை வாய்ப்பு முன்னெப்போதும் இருந்ததில்லை.

ஆனால் சந்தை நமக்கு விற்பது நல்லோசையை அன்று, பேரோசையை. பெட்டியின் முகப்பில் ‘1000 வாற்று’ என்று பொறித்திருக்கிறது. பின்புறம் அதற்கு மின்னூட்டும் அடாப்டரில் 12 வோல்ற்று, 2 அம்பியர் என்றிருக்கிறது. பன்னிரண்டை இரண்டாற் பெருக்கினால் 24. உள்ளே 24 வாற்றைப் பெறும் கருவி வெளியே 1000 வாற்றை எவ்வாறு வழங்கும்? கொழுந்துக் கூலியில் மிச்சம் பிடித்துத் தவணைமுறையில் அதனை வாங்குபவருக்கு இந்தச் சிறு பெருக்கற் கணக்கை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அறியாமையை மூலதனமாக்கும் வாணிபம் இது.

இதற்கு மருந்து நம்மிடமே உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கலைச்சொற் குழுக்களில் அமர்ந்து, விரியலாக்கி, தடையி, கொள்ளளவி, நிலைமாற்றி, இருவாயி என்று அறிஞர்கள் அரும்பாடுபட்டு நமக்குச் சொல் சமைத்துத் தந்தனர். அச்சொற்கள் பாடநூலில் உறங்குகின்றன. உயர்தர மாணவன் விரியலாக்கியின் வரைபடத்தைப் பரீட்சைத் தாளில் வரைகிறான். பெரும்பாலும் ஒன்றைத் தன் கையாற் கட்டியதில்லை. திருத்துகடையில் இருப்பவனோ நூற்றுக்கணக்கிற் கட்டியிருக்கிறான். அவனிடம் அச்சொற்கள் இல்லை. சொல் ஓரிடத்தும் பொருள் வேறிடத்துமாகப் பிரிந்து கிடக்கும் அவலம் தமிழ் அறிவுலகின் பழைய நோய். உழைப்பையும் கல்வியையும் பிரித்துவைத்த சமுதாய அமைப்பின் எதிரொலியே அது.

வில்லியம்சன் செய்தது என்ன? தாம் அறிந்ததை, எவரும் கட்டக்கூடிய தெளிவோடு, எல்லோரும் வாங்கக்கூடிய ஏட்டில் எழுதினார். அப்பணி தமிழில் நடைபெறவேண்டும். தோட்டப் பாடசாலையொன்றில் பத்து மாணவர் கூடி ஒரு விரியலாக்கியைக் கட்டட்டும்; அயலிலுள்ள திருத்துநரை ஆசானாக அழைக்கட்டும்; கட்டியதைத் தமிழில் எழுதிவைக்கட்டும். தன் கையாற் கட்டியவனை 1000 வாற்றுப் பொய் ஏமாற்றாது. சென்னைக் கடற்கரையில் மாநகராட்சி நிறுத்திய ஒலிபெருக்கி கேட்கும் உரிமையைப் பொதுவாக்கிற்று. கட்டும் அறிவையும் பொதுவாக்குவது நம் தலைமுறையின் கடன்.