உப்பளத்திலிருந்து அரசுத் தலைமைக்கு: இராஜாஜியின் பொதுவாழ்வு

புத்தளக் கடனீரேரியின் கரையில் வாழ்வோர்க்கு உப்பின் வரலாறு புதிதன்று. பாத்தியிற் பாய்ச்சிய நீர் வெயிலாலும் காற்றாலும் வற்றி வெண்மணியாக விளையும் காட்சியைப் பாலாவியிலும் புத்தளத்திலும் காணலாம். இயற்கை விலையின்றி ஈயும் இப்பொருளை ஆள்வோர் பலகாலம் தம் பிடிக்குள் வைத்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. மலைநாட்டுக் கண்டியரசு உப்புக்கும் அவர்களையே எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பின்வந்த ஆங்கிலேயரும் உப்பை அரசின் தனியுரிமையாகவே வைத்துக்கொண்டனர். உப்பை ஆள்வோன் மக்களின் உலைப்பானையை ஆள்கின்றான் என்னும் உண்மை இக்கரைக்கும் பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள வேதாரணியக் கரைக்கும் பொதுவானது. அவ்வேதாரணியத்தில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறைபுகுந்த ஒருவரே, பதினெட்டு ஆண்டுகளின் பின் இந்திய நாட்டின் அரசுத் தலைமையை ஏற்றார். அவரே சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். சட்டத்தை மீறியவர் சட்டத்தைக் காக்கும் தலைமைக்கு எங்ஙனம் உரியராவர் என்னும் வினாவுக்கு அவர்தம் வாழ்வே விடை பகர்கின்றது.

1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அவர் பிறந்தார். சென்னையிற் சட்டம் பயின்று சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழீட்டினார். 1917ஆம் ஆண்டு சேலம் நகராட்சித் தலைவரானார். 1919இல் காந்தியடிகளின் தொடர்பு அவர்தம் வாழ்வின் போக்கை மாற்றியது. பெருவருவாய் தந்த தொழிலைத் துறந்தார். 1921ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை சென்றார். 1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர்ப்பணியும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்குமே தம் கடனெனக் கொண்டார்.

1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு எழுந்தருளியபோது உடன்வந்தோருள் இராஜாஜியும் ஒருவர். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் முதலிய நகரங்களோடு இம்மேலைக் கரையிலுள்ள சிலாபமும் அடிகளை வரவேற்கும் பேறு பெற்றது. இலங்கையின் அரசியல் உரிமைக்கு உழைத்த கொறயா சகோதரர்களின் ஊர் அதுவாம். முன்னேஸ்வரத் திருக்கோயிலால் சிறப்புற்ற அந்நகர் இவ்வகையில் விடுதலை வரலாற்றிலும் இடம்பெறுவதாயிற்று.

மூன்றாண்டுகளின் பின் சோதனைக் காலம் வந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஏறத்தாழ நூறு தொண்டருடன் இராஜாஜி திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடந்து, 28ஆம் நாள் வேதாரணியம் அடைந்தார். தொண்டர்க்கு ஊணும் உறையுளும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவர் தோர்ன் ஆணையிட்டார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டு அவ்வாணையை வென்றனர். வேதாரணியத்து வேதரத்தினம் பிள்ளை துணைநின்று சிறையேகினார். உப்பெடுத்த இராஜாஜி தண்டனையை மறுக்காது ஏற்றார். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒளிந்து சட்டத்தை மீறுவோன் தன்னலம் நாடுகின்றான். வெளிப்படையாக மீறி அதன் தண்டனையையும் விரும்பி ஏற்பவன், நீதியற்ற சட்டத்தை எதிர்க்கும்போதும் ஒழுங்கைப் போற்றுகின்றான். அரசுத் தலைமைக்கு அவர் பெற்ற முதற்பயிற்சி இதுவே.

1937 முதல் 1939 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்து, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கையும் கோயில் நுழைவுச் சட்டத்தையும் கொணர்ந்தார். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ஏலாது, நண்பர் பலரின் வெறுப்புக்கிடையே தனித்து நின்றார். ஆயினும் விடுதலை வந்தபோது நாடு அவரை மறக்கவில்லை. 1947இல் மேற்கு வங்க ஆளுநரானார். 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மவுண்ட்பேட்டனுக்குப் பின் மகாதேசாதிபதியானார். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. அதே ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் விடுதலையெய்திய இலங்கையிலோ, 1954ஆம் ஆண்டு சேர் ஒலிவர் குணதிலக்க பொறுப்பேற்கும் வரை ஆங்கிலேயரே அப்பதவி வகித்தனர் என்பது ஒப்பிட்டு நோக்கற்பாலது.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் இந்தியா குடியரசாயிற்று. தலைமை இராஜேந்திர பிரசாத்திடம் சென்றது. நாட்டின் முதலிடத்தில் இருந்தவர் பின்னர் மத்திய அமைச்சராகவும், 1952 முதல் 1954 வரை சென்னை முதலமைச்சராகவும் பணிபுரிய நாணினாரல்லர். பதவியின் உயரத்தை நோக்காது பணியின் தேவையையே நோக்கினார் எனலாம்.

எனினும் அவர்தம் குறைகளை மறைப்பது வரலாறாகாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது தமிழர் உள்ளத்தைப் புண்படுத்தியது. தாளமுத்துவும் நடராசனும் சிறைப்பட்டு உயிர்நீத்தனர். 1953இல் அவர் கொணர்ந்த, சிறார் அரைநாள் கற்று எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழில் பயிலும் கல்வித்திட்டம் சாதிவழித் தொழிலை நிலைநிறுத்தும் என்னும் எதிர்ப்பை எழுப்பியது; மறு ஆண்டே அவர் பதவி துறந்தார். பிற்காலத்தில் இந்தியே தனி ஆட்சிமொழியாவதை அவரே எதிர்த்தார். வேதாரணியத்தில் மக்கள் மனத்தை அறிந்தவர், ஆட்சியில் அமர்ந்தபோது அதனைச் சிலவேளை அறியத் தவறினார் என்பதே நடுநிலையான தீர்ப்பாகும்.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டில் இலங்கையும் குடியரசாயிற்று. சிறைக்கதவும் மாளிகைக் கதவும் அவருக்குத் திறந்தன. இரண்டிலும் அவர் நெடிது தங்கவில்லை. அதிகாரம் உப்பைப் போன்றது. அளவோடு இருக்கும்வரையே சுவை பயக்கும். மக்கள் அளித்ததை மக்கள் பொருட்டே கையாண்டு, உரிய காலத்தில் கைவிடுதலே தலைமைக்கு அழகு என்பதை அவர் வாழ்வின் நிறையும் குறையும் ஒருங்கே உணர்த்துகின்றன.