காட்டுக்கு ஈடு

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வேலைக்காகக் கொஞ்சம் காப்புக்காடு தேவைப்பட்டது. அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மத்திய அரசின் அனுமதியில்லாமல் காட்டை வேறு வேலைக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால், அதே பரப்புக்கு வேறு நிலம் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைத்து மரம் வைக்க வேண்டும். அப்படி நிலம் கிடைக்காத இடத்தில், அழிந்துபோன காட்டில் இரண்டு மடங்கு பரப்பில் நடலாம் என்றும் விதி உண்டு.

நிலம் தேடும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. 'அ' பதிவேட்டைப் புரட்டினால் கல்லாங்குத்து, தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு. தாளில் எல்லாம் சும்மா கிடக்கும் நிலம். நேரில் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வேலி போட்டுட்டா ஆட்டை எங்க ஓட்டுறதுங்க ஐயா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அலுவலகம் திரும்பி, 'ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

சிறுவயதில் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் 1669-ல் ஒரு வனச்சட்டம் போட்டார். தேவாலயங்களும் ஊர்ப்பொதுவும் தங்கள் காட்டில் கால் பங்கை வெட்டாமல் ஒதுக்க வேண்டும். அதற்கு 'கார் ஆன் ரெசேர்வ்' என்று பெயர். மோட்டார் கார் அல்ல, 'கார்' என்றால் கால் பங்கு! பிற்காலத்தில் நம் நாட்டு வனத்துறைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் பிரான்சில் நான்சி வனப்பள்ளியில் படித்தவர்கள்தான். கொல்பேர் சட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கும் காடு அவரவர் காட்டுக்குள்ளேயே இருக்கும்.

இன்று அந்தக் கடமையையே கைமாற்றலாம். பிரேசில் 2012-ல் போட்ட வனச்சட்டப்படி, அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் 80 சதவீதத்தைக் காடாக விட்டுவைக்க வேண்டும்; அமேசான் பகுதிக்கு வெளியே 20 சதவீதம். முன்பே வெட்டிவிட்டவர், மிச்சம் வைத்திருப்பவரிடம் பத்திரம் வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். நல்ல ஏற்பாடுதான்: விளைச்சல் நிலத்தை அழித்து மரம் வைக்க வேண்டாம், காடு வைத்திருப்பவனுக்கும் காசு. ஆனால் ஈடு தேடும் எல்லையை அகலப்படுத்தினால் எங்கோ மலிவான காடு வாங்கப்படும், இங்கே அழிந்த வகைக் காடு திரும்பாது. எல்லையைச் சுருக்கினால் செலவு ஏறும். அதனால்தான் ஒரே வகைக் காட்டு மண்டலத்துக்குள் வாங்கு என்கிறது அவர்கள் சட்டம்.

நம் கதை கூடலூரில் தொடங்குகிறது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, அங்கே மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரு வழக்கு நாடு முழுவதற்கும் ஆகிவிட்டது. காட்டுக்கு விலையும் வந்தது: 2008-ல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. பணம் சேர்ந்தது, நடுவதுதான் பின்தங்கியது. 2016-ல் தனிச்சட்டம் போட்டு, 2019-ல் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள்.

எல்லை எவ்வளவு அகலம் தெரியுமா? பெரிய நிக்கோபார் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக்கு 2022-ல் அனுமதி கொடுத்தபோது, ஈடாக மரம் வைக்கச் சொன்ன இடம் ஹரியானா! கடல் தாண்டிச் சுமார் 2,400 கிலோமீட்டர். கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கே இது செரிக்கவில்லை.

கோமுகியும் மணிமுக்தாவும் பிறக்கும் நம் மலையில் கடுக்காயும் மூங்கிலும் தானாக வளர்ந்தவை. ஜாகிர்தார்கள் கையிலிருந்து 1976-ல் அரசு எடுத்துக்கொண்ட மலை அது. அங்குள்ள மலையாளி மக்கள் சாமை விதைக்கும் சரிவையும் ஒரு குமாஸ்தா 'அழிந்த காடு' என்று எழுதிவிட முடியும். எழுதும் கை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்த ஈடு நிலத்தைப் பார்க்கப் போனேன். கம்பிவேலியில் பாதியைக் காணோம். நட்ட கன்றுகளில் ஏழெட்டுத் தைலமரம் நின்றது. மற்ற இடமெல்லாம் வேலிக்காத்தான், அதன் நடுவே யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.