மாணிக்கம்

குருந்தம் என்னும் கனிமத்தின் சிவப்பு வகை. நவமணிகளுள் ஒன்று, சூரியனுக்கு உரியது. நிறம் குரோமியத்தால் வருவது. மோ அளவில் கடினம் 9. வடமொழி ‘மாணிக்ய’ என்பதன் தமிழ் வடிவம். நகை வழக்கில் கெம்பு. கன்னடத்தில் இச்சொல்லுக்குச் சிவப்பு என்றே பொருள், தமிழ்ச் ‘செம்’ இதன் உறவு. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம், பாண்டிமாதேவியினுடையது முத்து. சிலப்பதிகார வழக்கே இவ்வேறுபாட்டில்தான் தீர்கிறது. ஆட்பெயராகவும் வரும், ‘மாணிக்கமான பிள்ளை’ பாராட்டு.

நொய்யல் ஆற்றின் கரையிலுள்ள கொடுமணலில் பழங்கால மணித்தொழில் அகழாய்வில் வெளிப்பட்டது; அங்கு பேர்பெற்றவை மாணிக்கமல்ல, பெரிலும் சூதுபவளமும். இன்றைய கெம்பு அட்டிகை, ஜிமிக்கிகளில் பதிப்பது பெரும்பாலும் செயற்கைக் கல்லே.