இடித்தவர் எடுத்து வைத்த பலகைகள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடு" என்றுதான் கேட்டார்கள். சிவில் படித்தவன், காங்கிரீட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதுவான் என்று நினைத்திருக்கலாம். அதை எழுத நம்மில் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் கதையை. அது இருப்பது தென்னாப்பிரிக்காவில், கேப்டவுன் நகரில். "ஏம்ப்பா, நம்ம ஊர்ல மியூசியமே இல்லையா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் கல்லூரிக்கே வந்து சேருவோம்.

வேலை விஷயமாகச் சில மாதங்கள் கேப்டவுனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, பொழுது போகாமல் பியூட்டென்கான்ட் தெருவில் நடந்தபோது ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தின் வாசலில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம்' என்று போட்டிருந்தது. அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உள்ளே போனேன். பூட்டும் நேரம் வரை அங்கேயேதான் இருந்தேன்.

ஊர் இருந்த கதை

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றால் ஆறாவது வட்டம். நம் ஊரில் ஆறாவது வார்டு என்று சொல்வோமே, அதுதான். 1867-ல் கேப்டவுன் நகராட்சி வைத்த பெயர். மலையடிவாரத்தில், துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த குடியிருப்பு. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களின் வாரிசுகள், தையல்காரர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், சிறு வியாபாரிகள், வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்து வாழ்ந்த இடம். ஒரே தெருவுக்குள் தேவாலயமும் பள்ளிவாசலும் இருக்கும்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டவுனுக்குக் கப்பலில் கொண்டுபோன அடிமைகளில் வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் போய், எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1834-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது; மேலும் நாலு ஆண்டு கட்டாயப் பயிற்சிக் காலம் என்ற பெயரில் உழைத்த பிறகுதான் உண்மையான விடுதலை. அப்படி விடுபட்டவர்கள் நகரத்தில் குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று.

விரட்டல் என்பது அந்த ஊருக்குப் புதிதில்லை. 1901-ல் பிளேக் வந்தபோது, அதைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். பெரிய அடி விழுந்தது 1966 பிப்ரவரி 11-ம் தேதி. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் 1950-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அரசு அறிவித்தது. சேரி, குற்றம், சுகாதாரக் கேடு என்று காரணங்கள் சொன்னார்கள். நெரிசல் இருந்தது உண்மை. வீட்டுச் சொந்தக்காரர்கள் பழுது பார்க்காமல் விட்டதும் உண்மை. ஆனால் அதற்கு வைத்தியம் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போடுவது என்று நம் கல்லூரியில் இரண்டாம் வருஷப் பையனே சொல்லிவிடுவானே!

1968 முதல் 1982 வரை, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, கேப் ஃப்ளாட்ஸ் என்ற மணல் வெளிக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே புல்டோசர் வந்தது. கோயில்களை மட்டும் தொடவில்லை. இன்றைக்கும் வெறும் புல்வெளி நடுவே தனியாக நிற்கும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் பார்க்கலாம். வெள்ளையர்களுக்கென்று திட்டமிட்ட புதிய நகரம் எழும்பவே இல்லை. எழும்பிய பெரிய கட்டடம் எது தெரியுமா? ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. நம்மைப் போன்ற பிள்ளைகள் லேப் ரெக்கார்டு எழுதிய வகுப்பறைகளின் அடியில், வேறு யாரோ சமைத்துச் சாப்பிட்ட வீடுகளின் அஸ்திவாரம் இருந்தது.

இரண்டு வாரக் கண்காட்சி

1980-களின் பிற்பாதியில், ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனி அந்தக் காலி நிலத்தை மேம்படுத்தப் போவதாகச் சொன்னது. வெளியேற்றப்பட்டவர்கள் எதிர்த்தார்கள். 1987-ல் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மேல் கை வைக்காதே' என்று இயக்கம் தொடங்கியது. 1988-ல் ஒரு மாநாடு கூட்டினார்கள். நிலம் கிடைக்கிறபோது கிடைக்கட்டும், அதுவரை நினைவையாவது காப்பாற்றுவோம் என்ற எண்ணம் அங்கே உருவானது. 1989-ல் அறக்கட்டளை பதிவாயிற்று.

1994 ஏப்ரலில் நாட்டின் முதல் ஜனநாயகத் தேர்தல். அதே வருஷம் டிசம்பரில், அந்தத் தேவாலயத்துக்குள் தெருக்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். இரண்டே வாரம்தான் திட்டம். ஆனால் மூட விடவில்லை ஜனங்கள். பழைய பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி வந்தார்கள். வீட்டில் இருந்த போட்டோவை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார்கள். அந்த இரண்டு வாரம் முப்பது வருஷத்தைத் தாண்டிவிட்டது.

பலகைகள்

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது தெருப் பெயர்ப் பலகைகள். எழுபதுக்கும் மேல் இருக்கும். நீலமும் வெள்ளையுமாக, மேலிருந்து கீழாகச் சரம் போலத் தொங்குகின்றன. இவை எப்படித் தப்பின என்பதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இடிப்பு வேலையை மேற்பார்வை பார்த்தவர் ஒருவர், குப்பையோடு குப்பையாகக் கடலில் கொட்ட வேண்டிய பலகைகளைக் கொட்டாமல், தன் வீட்டு நிலவறையில் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். கண்காட்சி நடக்கப் போவது தெரிந்தபோது கொடுத்துவிட்டார்.

அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை. வீடுகளை இடித்ததும் அவர்தான், பலகைகளை வைத்திருந்ததும் அவர்தான்.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த புதிதில், சாலை அகலப்படுத்தும் ஒரு வேலையில் சைட் இன்ஜினியராக இருந்தேன். ஒரு பழைய கடைத்தெருவின் ஒரு பக்கம் முழுவதும் போயிற்று. கடைகளின் எனாமல் பலகைகள், ஒரு சத்திரத்து வாசலில் இருந்த கல்வெட்டுப் பலகை, சுவரில் பதித்த இரும்புத் தபால் பெட்டி எல்லாம் குவிந்து கிடந்தன. ஒரு பெரியவர் வந்து, "தம்பி, அந்தச் சத்திரத்துக் கல்லை மட்டும் குடுத்துடுங்களேன்" என்றார். "அதெல்லாம் கணக்குல வந்துடும் ஐயா, தர முடியாது" என்றேன். இரும்பும் எனாமலும் காயலான் கடைக்கு எடைக்குப் போயின; கல் ஜல்லியோடு பள்ளம் நிரப்பப் போயிற்று. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எடுத்து ஓரமாக வைத்திருக்கலாம். தோன்றவில்லை, அவ்வளவுதான். கேப்டவுனில் அந்தப் பலகைகளுக்குக் கீழே நின்றபோது, பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்தப் பெரியவரின் முகம்தான் வந்து நின்றது.

தரையில் ஒரு வரைபடம்

பலகைகளுக்குக் கீழே, தரை முழுவதும் பழைய ஊரின் வரைபடம். கையால் வரைந்து வர்ணம் தீட்டி, மேலே பிளாஸ்டிக் போட்டு மூடியது. நாம் டிராயிங் ஹாலில் எத்தனை லேஅவுட் போட்டிருப்போம்? இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பேரை எழுதுகிறார்கள். இன்ன தெரு, இன்ன எண், இன்ன குடும்பம். கடை, முடிதிருத்தகம், பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை எல்லாம் அவர்கள் சொல்லிச் சேர்ந்தவை. சர்வே ஆபீஸ் வரைபடத்தில் மனை எண்தான் இருக்கும், யார் குடியிருந்தார்கள் என்பது இருக்காது. அதை வந்தவர்கள் நிரப்பினார்கள்.

இன்னொன்று, பெயர்த் துணி. சாதாரணக் காடாத் துணியில் வந்தவர்கள் பேரையும் இரண்டு வரியையும் எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு அதன் மேல் நூலால் தைத்து நிலைப்படுத்துவார்கள். ஒன்றோடொன்று சேர்த்து அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுவிட்டது.

இப்படிக் கொடுத்தவர்களே வேலையும் பார்த்தார்கள். அங்கே சுற்றிக் காட்டியவர்களில் பலர் பழைய குடியிருப்பாளர்கள். பல வருஷம் வழிகாட்டியாக இருந்த நூர் இப்ராஹிம் புறாப் பிரியர். குடிபெயர்ந்த புது வீட்டில் புறாக்களை மூன்று மாதம் கூட்டிலேயே பழக்கிவிட்டுத் திறந்துவிட்டிருக்கிறார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் பழைய ஊர்ப் பக்கமாகப் போனபோது, தன் வீடு இருந்த வெறும் மனையில் எல்லாப் புறாக்களும் உட்கார்ந்திருந்தனவாம். சம்பளத்துக்கு ஒரு கைடை வைத்து இதைச் சொல்ல வைக்க முடியுமா?

1997-ல் நில மீட்பு வழக்குக்காக நீதிமன்றமே இந்தக் கட்டடத்தில் ஓர் அமர்வு நடத்தியது. 2004 பிப்ரவரி 11-ம் தேதி, அந்த அறிவிப்பு வந்து சரியாக 38 ஆண்டு கழித்து, முதலில் திரும்பிய இரண்டு முதியவர்களுக்கு நெல்சன் மண்டேலா வீட்டுச் சாவி கொடுத்தார். இருவருக்கும் வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகும் வேலை ஆமை வேகம்தான். காத்திருந்தே கண்மூடியவர்கள் பலர். 1970-ல் மாற்றிய ஊர்ப் பெயர் மட்டும் 2019-ல் திரும்பி வந்தது.

நடத்துவது எப்படி?

"மியூசியம் நடத்தக் காசு?" என்பதுதானே நம் ஆட்களின் முதல் கேள்வி! இது அரசு நடத்தும் அருங்காட்சியகம் இல்லை. நுழைவுக் கட்டணம், நடைச் சுற்றுலா, புத்தக விற்பனை, நன்கொடை, அறக்கட்டளைகளின் உதவி இவற்றில்தான் ஓடுகிறது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து கதவைச் சாத்தியதும் சுற்றுலாப் பயணிகள் நின்றார்கள், வருமானமும் நின்றது. மூட வேண்டிய நிலை வந்து, பகிரங்கமாகப் பொதுமக்களிடம் கை நீட்டினார்கள். உதவி வந்தது, பிழைத்தது. ஆனால் பயணிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது புரிந்துவிட்டது. இன்னொரு கவலையும் உண்டு. அந்தத் தெருக்களில் விளையாடியவர்களுக்கு இப்போது வயதாகிறது. அவர்கள் போன பிறகு பலகையைப் பார்த்துக் கதை சொல்ல யார்? அதனால்தான் குரல்களைப் பதிவு செய்து வைக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு உட்கார வைக்கிறார்கள்.

நான் பார்த்துப் புரிந்துகொண்டவை நாலே விஷயம். முதலில் ஆட்களைக் கூட்டு, கட்டடம் பிறகு. பொருளை வாங்கும்போது கதையையும் சேர்த்து வாங்கு. கதை இல்லாத பொருள் எடைக்குத்தான் போகும். கொடுத்தவருக்கு ஒரு வேலையும் கொடு. கணக்கைத் திறந்து வை.

நம் கல்லூரிக்கு

இப்போது நம்மிடத்துக்கு வருகிறேன். பழைய விடுதிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எதிர்க்கச் சொல்லவில்லை. அந்தக் கூரை ஸ்லாபைப் பார்த்த எந்த சிவில் இன்ஜினியரும் எதிர்க்க மாட்டான். கம்பி முழுக்கத் துரு. பிள்ளைகள் பத்திரமான இடத்துக்குப் போகட்டும். ஆனால் அறை எண் தகடுகள், மெஸ் மணி, கதவுக்குப் பின்னால் நாம் கீறிய பெயர்கள், வொர்க்ஷாப்பில் மூலையில் கிடக்கும் பெல்ட் போட்ட பழைய லேத் எல்லாம் எங்கே போகும்? யாராவது ஒரு சின்னப் பையன் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவான். அவன் மேல் தப்பில்லை. நாம் யாரும் அவனிடம் சொல்லி வைக்கவில்லையே!

நிர்வாகத்திடம் ஓர் அறை கேட்போம். அது கிடைப்பதற்கு முன்பே ஒன்று செய்யலாம். விடுதியின் தரைத்தளப் படத்தை 1:10 அளவில் காடாத் துணியில் வரைந்து வருகிறேன். அறுபது மீட்டர் கட்டடம் ஆறு மீட்டர் துணிக்குள் அடங்கிவிடும். மாடிக்குத் தனித் துணி. சந்திப்பு நாளன்று ஆடிட்டோரியத்துத் தரையில் விரித்து வைப்போம். அறுபதுகளில் படித்த சீனியர் சார்கள் முதல் இந்த வருஷத்துத் தம்பி தங்கைகள் வரை, அவரவர் இருந்த அறையில் பேரும் வருஷமும் எழுதுங்கள். விடுதியில் தங்காதவர்கள், சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன் பக்கம் எழுதலாம். மெஸ்ஸில் பரிமாறிய அண்ணன்களையும், காவல் இருந்த தாத்தாவையும் மறக்காமல் கூப்பிட வேண்டும். அவர்கள் பேர்தான் எந்த ரிஜிஸ்டரிலும் முதலில் காணாமல் போகும்.

குனிய முடியாதவர்கள் அறை எண்ணைச் சொன்னால் போதும், நான் எழுதுகிறேன். பேனா என் பொறுப்பு. மெஸ் மணியை மட்டும் இடிப்பதற்கு முன்னால் யாராவது கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.