டோக்கியோவின் குப்பைப் போர்

நீங்கள் காலையில் வாசலில் வைக்கும் குப்பை யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேர்கிறது? ஜப்பானில் இந்தக் கேள்விக்காக ஒரு 'போரே' நடந்திருக்கிறது.

1960களில் டோக்கியோ குப்பையின் பெரும்பகுதி கடலோரக் கோட்டோ வார்டுக்குத்தான் போனது. அங்கே குப்பை கொட்டிய தீவின் பெயர் 'யுமெனோஷிமா', அதாவது கனவுத் தீவு! 1965 கோடையில் அங்கிருந்து ஈக்கள் கூட்டமாக வீடுகளுக்குள் புகுந்தன. தீவுக்கே தீ வைத்துத்தான் அடக்கினார்கள்.

அவரவர் குப்பையை அவரவர் வார்டிலேயே எரியுங்கள் என்றது கோட்டோ. ஆனால் சுகினாமி வார்டில் எரியுலைக்கு 1966இல் இடம் அறிவித்ததுமே எதிர்ப்பு கிளம்பியது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கலந்து பேசாமல் இடத்தை முடிவு செய்திருந்தார்கள். 1971 செப்டம்பரில் ஆளுநர் ரியோகிச்சி மினோபே 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். 1973 மே மாதம் கோட்டோ வார்டுத் தலைவரும் மன்ற உறுப்பினர்களும் சாலையில் நின்று சுகினாமி லாரிகளை மறித்தார்கள். சுகினாமியில் குப்பை தேங்கியது.

1974இல் நீதிமன்றத்தில் சமரசம். 160 மீட்டர் உயரப் புகைபோக்கியுடன் எழுந்த உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத்தில்தான் பக்கத்து நீச்சல் குளத்தில் வெந்நீர். 2017இல் புதுப்பித்த உலைக்குள் இந்தப் போருக்கு ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. நம் சங்கத்து ஆண்டுக்கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அங்கே எதுவும் புதிதாக இருக்காது.

எரித்தபின் குப்பை ஏறக்குறைய 20இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்தச் சாம்பலில் ஒரு பகுதி இன்றும் டோக்கியோ விரிகுடாவில்தான் கொட்டப்படுகிறது.