தாளும் வேரும்: உவர்சதுப்புப் புற்கள் எதைக் காக்கின்றன?

உவர்சதுப்புப் புற்கள் கடலரிப்பைத் தடுக்கின்றன என்பது கடலோர மேலாண்மை அறிக்கைகளில் இன்று யாரும் கேள்வி கேட்காத கூற்றாகிவிட்டது. அது பொய்யன்று. ஆனால் அதற்குள் இரண்டு கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. சதுப்புக்குப் பின்னுள்ள நிலத்தை அலையிலிருந்து காப்பது ஒன்று. சதுப்பு தானே கரைந்துபோகாமல் நிற்பது மற்றொன்று. முதலாவதில் தாளின் பங்கு பெரிது. இரண்டாவது வேரையும் மண்ணையும் பொறுத்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல், மேலே தெரியும் பசுமையைக் கொண்டே காப்புத் திறனை அளப்பது பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். சான்றுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடாக் கரைகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

அக்கரைகளின் தலையாய புல் ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா. ஓதநீரில் மூழ்கி எழும் சேற்றில் அது வாழ்கிறது. மிகை உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. தண்டினுள் ஓடும் காற்றறைகளால் வேருக்கு உயிர்வளி அனுப்புகிறது. தாள்களுக்கிடையே நீரின் வேகம் குறைவதால் வண்டல் படிகிறது. உயிர்வளி அரிதான சேற்றில் மடிந்த வேர்கள் எளிதில் மட்குவதில்லை. அவை சேர்ந்துசேர்ந்து நிலமட்டத்தை உயர்த்துகின்றன. தான் நிற்கும் மண்ணில் ஒரு பகுதியை இப்புல்லே ஆக்கிக்கொள்கிறது எனலாம்.

தாளின் வலிமைக்குத் தெளிவான சான்று, ஐரிஸ் மோலரும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. ஜெர்மனியின் வாடன் கடலோரச் சதுப்பைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்து, ஹனோவரில் உள்ள 300 மீட்டர் நீள அலைத்தொட்டியில் 40 மீட்டருக்குப் பதித்து, புயற்காலத்து நீராழத்தில் அலைகளை ஏவினார்கள். அலை இழந்த ஆற்றலில் 60 விழுக்காடு வரை தாவரங்களால் விளைந்தது. தாள்கள் பல முறிந்தபோதும் மேல்மண் அவ்வளவாக அரிக்கப்படவில்லை.

இம்முடிவு மேற்பரப்பைப் பற்றியது. சதுப்பு பெரும்பாலும் தன் விளிம்பில்தான் நிலத்தை இழக்கிறது. அங்கே செங்குத்தான மண்முகத்தில், தாளுக்குக் கீழே, அலை மோதுகிறது. ரஸ்டி ஃபீகினும் பிறரும் 2009இல் டெக்சஸ் சதுப்புகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், விளிம்பரிப்பை உயிருள்ள புல் நேரடியாகக் குறைத்ததாகத் தெரியவில்லை. மண்ணின் தன்மையே முதன்மைக் காரணியாக இருந்தது. மண்ணின் தன்மையைக் காலப்போக்கில் மாற்றுவதன் வழியே புல் மறைமுகமாக உதவக்கூடும் என்பதை அவர்களும் ஏற்றார்கள். அந்த மறைமுகப் பங்கை நான் அவர்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன். காரணம் லூசியானா.

2005இல் கத்ரீனா, ரீட்டா புயல்கள் அங்கே 500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஈரநிலத்தை அரித்தன. உப்பு மிகுந்த சதுப்புகள் பெரிதும் தாக்குப்பிடித்தன; உப்புக் குறைந்தவை பிய்ந்துபோயின. நிக் ஹௌஸ் குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய காரணம் வேரின் ஆழம். உப்புக் குறைந்த சதுப்பில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வேர்ப்படலம் முடிய, அதற்குக் கீழே மண் வலுவற்றிருந்தது. உப்புச் சதுப்பில் வேர்கள் ஆழமாக இறங்கியிருந்ததால் அத்தகைய நலிந்த அடுக்கு இல்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டுமே பச்சைதான்.

தாளும் வேரும் எதிரெதிர்த் திசையில் போகவும் கூடும். மாசசூசெட்ஸின் பிளம் தீவுக் கழிமுகத்தில் லிண்டா டீகனின் குழு ஒன்பது ஆண்டுகள் நடத்திய பரிசோதனை இதைக் காட்டுகிறது. ஏறும் ஓதநீரில், மாசடைந்த கழிமுகங்களில் காணப்படும் அளவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்தார்கள். கழியோரப் புல் உயர்ந்து வளர்ந்தது. தேடிப் போகாமலே ஊட்டம் கிடைத்ததால், கரையைப் பிடித்து நிறுத்தும் வேர்த்திரள் குறைந்தது. கூடுதல் நைட்ரேட்டால் நுண்ணுயிர்கள் கரிமப்பொருளை விரைந்து சிதைத்தன. சில ஆண்டுகளில் கரைகளில் விரிசல் ஓடி, புல்லோடு பெயர்ந்து கழிக்குள் சரிந்தன. யூரியா மிகுந்த வயலில் நெல் கரும்பச்சையாக வளர்ந்து சாய்வதைக் கண்ட நம் உழவருக்கு இதில் பாதி வியப்பாக இராது; மண்ணும் சேர்ந்து சரிவதுதான் புதிது.

இதைப் பொதுவிதியாக்குவதில் தடை உண்டு. டீகனின் முடிவுகள் வெளியான அதே 2012இல், லாங் ஐலண்ட் சவுண்ட் கரைச் சதுப்பொன்றில் உரமிட்டு ஆராய்ந்த ஆனிஸ்ஃபெல்டும் ஹில்லும் நிலமட்டம் தாழ்ந்ததாகக் காணவில்லை. ஆனால் அவர்கள் அளந்தது நிலமட்டத்தை. டீகன் கண்ட சரிவு கழிக்கரையில் நேர்ந்தது. ஆகவே இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதைவிட, சதுப்பின் எந்த இடத்தில் எதை அளக்கிறோம் என்பதன் முக்கியத்துவத்தையே உணர்த்துகின்றன.

வேர் செத்தால் என்னவாகும் என்பதை 2010இல் நேர்ந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க்கசிவு காட்டியது. லூசியானாவின் பராட்டாரியா விரிகுடாவில் எண்ணெய் பெரும்பாலும் விளிம்பின் சில மீட்டர்களிலேயே தங்கிப் புல்லைக் கொன்றது. அங்கே கரையரிப்பு இரு மடங்குக்கு மேல் விரைந்ததை பிரையன் சில்லிமன் குழு பதிவு செய்தது. அரிக்கப்படாத இடங்களில் ஒன்றரை ஆண்டுக்குள் புல் மீண்டும் தழைத்தது. அரிக்கப்பட்ட இடத்தில் தழைக்க நிலமே இல்லை.

புல் நடும் திட்டங்களோ பெரும்பாலும் பரப்பையும் பசுமையையும் வைத்தே, பல சமயம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. டீகனின் கழிகளை முதல் சில ஆண்டுகளில் அப்படி அளந்திருந்தால், நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கும். விளிம்பிலிருந்து உள்நோக்கிக் குறிப்பிட்ட தூரங்களில் உருளை வடிவ மண் மாதிரிகள் எடுத்து, ஆழவாரியாக வேர்த்திரளையும், மண் அறுபடாமல் தாங்கும் வலிமையையும் அளப்பது கடினமன்று; வலிமையைக் களத்திலேயே அளக்கும் எளிய கையடக்கக் கருவிகளும் உள்ளன. திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவோர் இவ்விரு அளவீடுகளையும் நடவுக்கு முன்பும், நட்ட சில ஆண்டுகளுக்குப் பின்பும் கட்டாயமாக்க வேண்டும். கூடவே, சதுப்புக்குள் நுழையும் ஓதநீரின் நைட்ரேட் அளவும் பதிவாக வேண்டும். ஊட்டம் மிகுந்த நீர் தொடர்ந்து வரும் கழியில், நட்ட புல் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் கரை நிற்கும் என்று கருத முடியாது.